பச்சை விளக்குக்குப் பின்னால்

வண்டி செய்கிறவர்கள் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை பல்பு வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இருட்டில் நம்பரைப் படிக்க அது போதும். போதும் என்று விட எங்களுக்கு மனசு வருமா? சொந்த வண்டியே ஆனாலும், கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு அதில் சொந்தம் கொண்டாட ஒன்றும் கிடையாது. சீட் கவர் கம்பெனி சொன்ன நிறம், கண்ணாடியில் கம்பெனி ஸ்டிக்கர், பாட்டுகூட ஏறி உட்காருகிறவர்கள் கேட்பதுதான். மிச்சம் இருக்கிற இடம் அந்த நம்பர் பிளேட். அதைச் சுற்றி ஒரு எல்இடி பட்டையை ஒட்டி, பின்பக்கத்துப் பட்டைக்குப் பிரேக் வயரிலிருந்து ஓர் இணைப்பும் கொடுத்துவிட்டால் வண்டி நம்முடையது ஆகிவிடும். பிரேக்கை மிதித்தால் பட்டை பளிச்சென்று எரியும், காலை எடுத்தால் மங்கும்.

நான் நீலம் போட்டேன், முன்னாலும் பின்னாலும். ஏன் நீலம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஓசூர் கடையில் அன்றைக்கு அதுதான் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகளில் இந்த வியாதி பிடிக்காதது குறைவு. ஒருத்தன் சிவப்பு, ஒருத்தன் வயலெட். இன்னொருத்தனுடைய பட்டை கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். பேரெல்லாம் யாருக்கு வேண்டும்? சிவப்பு, வயலெட், ஓடுற லைட் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். நான் நீலம். குந்தாரப்பள்ளியில் வந்து சேருகிறவன் பச்சை.

விடியுமுன் நான் கிருஷ்ணகிரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவேன். குந்தாரப்பள்ளி நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பேன். பச்சை சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறி எனக்கு முன்னால் வருவான். பிரேக்கை இரண்டு தடவை தட்டுவான், நான் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடிப்பேன். அவ்வளவுதான் வணக்கம். அவன் வேறு கம்பெனி, நான் வேறு கம்பெனி. சாயங்காலம் திரும்பும்போது நான் முன்னால், அவன் பின்னால். சேர்ந்து டீ குடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏற்றின ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த டிரைவர் டீக்கு நிறுத்துவான்?

ஒரு மார்கழி மாதம், சானமாவுக் காட்டுப் பக்கம் பனி வண்டி மூக்கு வரைக்கும் வந்து நின்றது. முன்னால் பச்சை தட்டவில்லை, மங்காமல் எரிந்தது. பிரேக்கிலேயே நிற்கிறான் என்று புரிந்து நானும் மிதித்தேன். ரோட்டை யானைகள் கடந்துகொண்டிருந்தன, நடுவில் ஒரு குட்டி. அவை போன பிறகும் கொஞ்ச நேரம் யாருக்கும் வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. அவன் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தான். நரைத்த மீசை, தலையில் மஃப்ளர்.

"நீலம், நீ பாட்டுக்கு மேல ஏத்திடுவியோன்னு பயந்துட்டேன்பா. போன் நம்பர் குடு."

"பேரு?"

"பேரு எதுக்கு? நீலம்னே போட்டுக்கறேன்."

நானும் பச்சை என்றே பதிந்துகொண்டேன். அதற்கப்புறம் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டதும் இல்லை. தினமும் ரோட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போன் எதற்கு?

என் மனைவி இறந்த பிறகு வண்டியை எடுக்க எனக்கு நாளானது. காரியம் முடிந்ததும் மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, போகத்தானே வேண்டும். நான் மறுபடி வண்டி எடுத்த அன்று பச்சை வழக்கம்போல் முன்னால் ஏறினான். ஆனால் இரண்டு தட்டலோடு நிறுத்தவில்லை. சூளகிரி வரைக்கும் தட்டிக்கொண்டே போனான். அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பின் சீட்டிலிருந்த பெண், "அண்ணா, முன்னாடி வண்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். பிரேக் கோளாறும்மா என்று சொல்லிவிட்டு அழுதேன். பின்னால் இருக்கிறவர்களுக்கு டிரைவரின் முதுகுதான் தெரியும். அது ஒரு வசதி.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குப் பேச்சு கிடையாது. குக்கர் விசில் அடித்தால் உண்டு. அவன் தட்டும் அந்த இரண்டு தட்டல்தான் அன்றைய நாளில் என்னிடம் ஒருவர் பேசும் முதல் பேச்சு. பல நாள் அதுவே கடைசியும்கூட. அதற்காகவே லீவு போடாமல் வண்டி எடுத்த நாட்கள் உண்டு. காய்ச்சலோடும் எடுத்திருக்கிறேன்.

ஒரு சந்தை நாளில் பச்சையைக் காணவில்லை. அவன் மச்சான் குந்தாரப்பள்ளி சந்தையில் ஆட்டு வியாபாரி. சந்தை நாளில் மச்சானுக்கு ஒத்தாசை செய்யப் போய்விடுவான். முதல் நாள் ஆடுகளை ஏற்றியிருந்தால், மறுநாள் வண்டியில் ஏறுகிற ஆபீஸ் பெண்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள் என்று அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே டோல்கேட் பக்கம் சோதனை. அதில் நின்று தாமதமானதால் அன்றும் பச்சையைப் பார்க்க வழியில்லாமல் போனது. இன்ஸ்பெக்டர் என் வண்டியின் பின்னால் போய் நின்றார்.

"லைட்டு எதுக்கு வெக்கறது? நம்பரக் காட்டறதுக்கு. உன் லைட்டுதான்யா தெரியுது, நம்பர் எங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஊரில் எத்தனையோ அநியாயம் நடக்க, இவருக்கு என் பட்டைதானா கண்ணில் பட்டது? ஆனால் வாயைத் திறக்க முடியுமா? வெள்ளை பல்பைத் தவிர வேறு எது எரிந்தாலும் கேட்டுக்குள் விட மாட்டோம் என்று கம்பெனிகளும் சொல்லிவிட்டன. அன்று மத்தியானம் பார்க்கிங்கில் நாங்கள் எல்லாரும் குந்தி உட்கார்ந்து பட்டையைப் பிய்த்தோம். ஓடுற லைட் மட்டும் பிய்த்ததைச் சுருட்டிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் ரோடு முழுக்க வெள்ளை. எது சிவப்பு, எது வயலெட் என்று ஒன்றும் தெரியவில்லை. பச்சையும் சந்தை முடிந்து வந்திருப்பான், அவனும் பிய்த்திருப்பான், இந்த வெள்ளைகளில் ஒன்றாகத்தான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அதனால் குந்தாரப்பள்ளியில் வேகத்தைக் குறைக்கவில்லை. அவனைப் பிடிக்க வேண்டுமே என்று இன்னும் மிதித்தேன். எட்டிப் பிடித்த ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் இரண்டு தடவை ஹெட்லைட் அடித்தேன். ஒருத்தனும் பிரேக்கைத் தட்டவில்லை. ஒரு கர்நாடக வண்டிக்காரன் ஓரம்கட்டி, இறங்கி வந்து, கன்னடத்தில் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். தப்பு என் பேரில்தான், கேட்டுக்கொண்டேன்.

இப்படியே வாரங்கள் போயின. தினமும் குந்தாரப்பள்ளியை வேகமாகத் தாண்டினேன், தினமும் யார் யாருக்கோ லைட் அடித்தேன். அவனுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று முதலில் நினைத்தேன். என்ன கோபம் இருக்க முடியும், நாங்கள் பேசினால்தானே சண்டை வரும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பொறுக்க மாட்டாமல் போன் அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு பெண் குரல். மறுநாளும் அதே குரல். அவன் உயிரோடு இருக்கிறானா என்று அப்போதுதான் நினைத்தேன்.

அவன் ஓட்டின கம்பெனியின் கேட்டுக்குப் போய் செக்யூரிட்டியிடம் விசாரித்தேன்.

"டிரைவர் பேரு?"

"தெரியாது. நரைச்ச மீசை. ஊட்டுல தெலுங்கு பேசறவரு."

"இங்க பாதிப் பேரு ஊட்டுல தெலுங்குதான்ணா. வண்டி நம்பரச் சொல்லு, பாக்கலாம்."

வருஷக்கணக்காக அந்த நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலேயே போனவன் நான். பச்சை தெரியும், அதன் ஓரத்தில் ஒரு அங்குலம் எரியாமல் போனதுகூடத் தெரியும். நடுவில் என்ன நம்பர் இருந்தது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான். செக்யூரிட்டி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த சந்தை நாளுக்கு லீவு போட்டுவிட்டுக் குந்தாரப்பள்ளிக்குப் போனேன். ஆடு கட்டியிருக்கிற பக்கம் ஒவ்வொருவராக, பச்சை லைட் போட்ட டாக்ஸி ஓட்டுகிறவருடைய மச்சான் யார் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் என்னை ஆடு வாங்க வந்தவன் என்று நினைத்து ஒரு கிடாவின் பல்லைக் காட்டினார். கடைசியில் தோளில் துண்டு போட்ட ஒருவர் கயிற்றை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"நீங்க யாரு?"

என் பேரைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்த பேராகப் படவில்லை.

"ரோட்டுல நீலம்னு கூப்பிடுவாங்க," என்றேன்.

"நீலம் நீங்கதானா? எங்க போயிட்டீங்கண்ணா?" என்றார்.

நின்ற இடத்திலேயே சொன்னார். பச்சைக்குச் சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டுவிட்டது. அந்தச் சந்தை நாளில் திடீரென்று பார்வை மங்கிவிட, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன் அங்கேயே தொலைந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்ல, வண்டியை விற்றார்கள்.

"ஊட்டுக்கு வந்ததும் தெனம் அஞ்சு மணிக்கு எழுந்து போர்வையப் போத்திக்கிட்டு ரோட்டோரம் போயி நிப்பாரு. வண்டி தெரியாதுண்ணா அவருக்கு, லைட்டுக் கலரு மட்டும் தெரியும். நீலம் வரும், வந்தா மெதுவாப் போவான், கையக் காட்டுனா நிறுத்துவான்னு சொல்லிக்கிட்டே நிப்பாரு. அப்படி ஒரு வண்டியே வரலியே."

"இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"போன வாரந்தான் அவரு மக வந்து ஆந்திராவுல இருக்கற குப்பத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு," என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்தார். அந்த மகளிடம் தெலுங்கில் பேசினார். பிறகு போனை என் கையில் கொடுத்தார்.

"நீலமா?" என்றான். "நீ அந்த ரோட்டையே விட்டுட்டியா? நின்னு நின்னு பாத்தேன்பா."

"தெனம் உன் முன்னாடிதான் போனேன். கலர் லைட்டு கூடாதுன்னுட்டாங்க. எல்லாரும் பிச்சுட்டோம்."

"அப்ப நீ போயிக்கிட்டுதான் இருந்தியா," என்றான். "நல்லது. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். அவனைப் பற்றி நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

"இப்ப உனக்கு முன்னாடி யாரு போறா?" என்று கேட்டான்.

விடியற்காலையில் அந்த ரோட்டில் வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி இருக்காது.

"யாரும் இல்லப்பா," என்றேன்.