நாக்கைத் தைத்த டாக்டர்

ராயபுரத்தில் என் தம்பிக்குப் பெண் பிறந்தது. முகவாய்க்கட்டையே இல்லையோ என்னும்படி அவ்வளவு சிறிய தாடை. பால் குடித்தால் புரையேறும். மூச்சு கர்கரென்று இழுக்கும். பிழைக்காது என்று பயந்து, எட்டாம் நாளே ஞானஸ்நானத்துக்கு மாதா கோயிலுக்குத் தூக்கிப் போனோம். சடங்கில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் நான்.

தலையில் தண்ணீர் ஊற்றுவதற்காகக் குழந்தையை மல்லாக்கப் பிடித்தேன். முகம் நீலம் பாரித்தது. பதறித் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டேன். உடனே வீறிட்டு அழுதது.

அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மல்லாத்தினா நாக்கு தொண்டையில விழுந்து மூச்சை அடைக்குது. நீங்க குப்புறப் போட்டதாலதான் பிழைச்சுது," என்றார் டாக்டர். நாக்கை முன்னால் இழுத்துக் கீழுதட்டோடு தைக்க வேண்டுமாம்.

தம்பி அழுதான். "இன்னா சார், நாக்கை தெச்சுட்டா என் பொண்ணு ஊமையா பூடாதா?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்பா. தாடை வளந்ததும் பிரிச்சு விட்டுடுவேன். அப்புறம் பேச்சை நிறுத்துடின்னு நீயே கெஞ்சுவே."

அந்தச் சின்ன வாய்க்குள் எப்படித்தான் ஊசியைச் செலுத்தினாரோ! மாதாவே அனுப்பிய கை அது. மறுநாள் குழந்தை சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்கியது. முதலில் மூக்கில் குழாய் வைத்துப் பால் கொடுத்தார்கள். பிறகு மெல்ல வாயாலேயே குடித்தது. பல் முளைத்த பின் நாக்கைப் பிரித்துவிட்டார்.

இப்போது எந்தக் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றாலும் முதலில் முகவாயைப் பார்க்கிறேன். மூச்சு இழுத்தால் கோயிலுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிதான்.

தம்பி மகளுக்கு இப்போது நாலு வயது. கோபம் வந்தால் பெரியவர்களைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். எல்லாரும் அதட்டுகிறார்கள். நான் மட்டும், "இன்னும் கொஞ்சம் நீட்டுடி கண்ணு" என்கிறேன்.