நல்ல நேரத்துக்குள் வராதவர்

என் கணவர் எங்கள் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவர். மடுல்கெல்லயில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டு வேன் கண்டியிலிருந்து விடியற்காலையிலேயே புறப்படவேண்டும் என்று ஏற்பாடு. இவரோ, கதவைத் தட்டிய யாரோ ஒரு பெண்ணுக்கு ரவிக்கைத் துணிக்குப் பொருந்தும் நூல் வேண்டுமாம் என்று தன் தையல் சாமான் கடையைத் திறந்து, அலுமாரியில் இருந்த பச்சை நூல்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு மலைப்பாதையில் பழுதாகி நின்ற ஒரு லொறி வேறு. மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து ராகு காலம் பிறந்துவிட்டது. ஐயர் மந்திரத்தை ஓட்டமாகச் சொன்னார். தாலி ராகு காலத்தில்தான் ஏறியது.

எங்களுக்குப் பிள்ளை பிறக்காததற்கு அந்த நேரம்தான் காரணம் என்று என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, கடைசிவரை நம்பினார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே கட்டுகஸ்தோட்டை வீட்டில் இருந்தவர். பஞ்சாங்கம் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்கமாட்டார். நான் அதையெல்லாம் கேலி செய்வேன், அவர் என்னைத் திட்டுவார், இவர் நடுவில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. சந்தோஷமாக இருந்தோம். இதைக் கூச்சப்படாமல் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் லேஸ் அளந்துகொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம், இவருடைய நெடுநாள் சிநேகிதர். நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானாதான் த்ரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியிலேயே இருதயம் நின்றுவிட்டது. அங்கே அதைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஆனால் இடையில் மூளைக்கு மூச்சு போகாமல் வெகுநேரமாகிவிட்டது.

அதன் பிறகு ஐ.சி.யூ. வாயில் குழாய், மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் மூச்சு விடும் மெஷின். கை சூடாக இருந்தது. சில நேரம் கண் திறக்கும். ஆனால் அந்தப் பார்வை எங்கேயும் போய் நிற்காது. "என்னையப் பாத்தான் புள்ள, சத்தியமாப் பாத்தான்," என்பார் நாத்தனார். நானும் கட்டிலைச் சுற்றி வந்து வந்து அந்தப் பார்வைக்கு நேரே நின்று பார்த்தேன். பல வாரம் அப்படி நின்றேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

ஐ.சி.யூ.வில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் தம்பி ஒருநாள் எங்கள் இருவரையும் கதிரையில் உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மா, மூளை முழுசாச் சாகேல்லை. அதனாலதான் கண் திறக்கிறார், இடைக்கிடை தானாவும் மூச்சு எடுக்கிறார். ஆனா நினைவு திரும்பாது. பெரிய டாக்டரும் மற்ற ஸ்பெஷலிஸ்ட்மாரும் பாத்திட்டினம். ரெண்டு வழி இருக்கு. தொண்டையில ஓட்டை போட்டு, மெஷினோட இப்பிடியே வச்சிருக்கலாம். இல்லாட்டி குழாயை எடுக்கலாம். மூச்சு வந்தால் அது அவரின்ர சொந்த மூச்சு. நிண்டால் திரும்பக் குழாய் போடமாட்டம். திணறாமல் இருக்க மருந்து குடுப்பம்."

"எடுத்தா செத்துருவானா?" என்றார் நாத்தனார்.

"எப்ப எண்டு சொல்லேலாது. அவர் வாய் திறந்து கதைக்கக்கூடியவராய் இருந்தால் என்ன சொல்லுவார் எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

அவர் என்ன சொல்லுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் என் கஷ்டம். எங்கள் தெருவில் ஒருவர் இதேபோல நினைவில்லாமல் பல வருஷம் கிடந்தார். இவர் லீவு நாளெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "எனக்கு இப்புடி ஆச்சுன்னா கடையப் பூட்டிரு. சாமானே இல்லாத கடையில எதுக்கு லைட்டைப் போட்டு வைக்கணும்?" நான் "வாயைக் கழுவுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

இதைச் சொன்னதும் நாத்தனார் வெடித்துவிட்டார். "அவன் வெளையாட்டுக்குச் சொல்லிருப்பான்! மூச்சு ஓடுற ஒடம்ப நீ நிப்பாட்டச் சொல்லுவியா? அதுக்கு என்னா பேரு தெரியுமா?"

தெரியும். ராத்திரி பகலாக என் நெஞ்சில் கிடந்ததும் அந்தச் சொல்தான். நான் ‘சரி’ என்று சொல்லி அவர் செத்தால், அவரைக் கொன்றது நோயா, நானா? ‘வேண்டாம்’ என்று சொன்னால், அவர் ஒருபோதும் கேட்காத ஒரு வாழ்க்கையை என் பயத்துக்காக அவர் தலையில் கட்டியவள் ஆவேன். கோயிலில் போய் நின்றாலும் இதே யோசனைதான். மெஷினை ஓடவிடுவதும் ஒரு முடிவுதான், அதையும் நான்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது விளங்கியது. விளங்கி என்ன, வாய் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று கேட்டால்கூட "நீயே பாத்துக்க" என்பவர், இதையும் என்னிடமே விட்டுவிட்டாரே என்று.

நாத்தனார் மனம் மாறியது என் பேச்சால் அல்ல. சளி உறிஞ்சும் நேரத்தில் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் வேலை நெருக்கடியில் மறந்துவிட்டார்கள். நாத்தனார் தம்பியின் பாதத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். குழாய்க்குள் குழாய் போனபோது அந்த உடம்பு வில்லாக வளைந்து குலுங்கியதைப் பார்த்தார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கா வச்சிருக்கோம் எம் புள்ளைய?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார்.

"சரி புள்ள. ஆனா நேரம் பாத்துத்தான். கண்ட கண்ட நட்சத்திரத்துல போனா வீட்டுக்கு அடைப்பு. சனிக்கெழம ஆகவே ஆகாது. ராகு காலம் கூடாது. வர்ற வியாழக்கெழம காலையில நேரம் நல்லாருக்கு. கல்யாணந்தான் கெட்ட நேரத்துல போச்சு, இதாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்."

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்று எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. குழாயை எடுத்த நிமிஷமே உயிர் போய்விடும் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கள் காதில்தான் ஏறவில்லை. எப்படியும் அனுப்பப்போகிறோம், நல்ல நேரத்திலாவது அனுப்புவோம் என்ற எண்ணம்.

இதை டாக்டரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே இருந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அம்மா, சிசேரியனுக்கு எல்லாரும் நேகத், நல்ல நேரம், கேக்குறாங்க தானே. பிள்ளை வாறதுக்கு நேரம். போறதுக்குக் கேட்டது நீங்கதான் முதல்," என்றார்.

அதோடு விடவில்லை. அடுத்த நாள் சிங்களப் பஞ்சாங்கமான லிதவைக் கைப்பையில் கொண்டுவந்தார். அவரும் நாத்தனாரும் வராந்தாவில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்க, நேரத்தை ஒப்பிட்டார்கள். கொஞ்சம் முன்பின்னாக இருந்ததைப் பேசிச் சரிசெய்துகொண்டார்கள். டாக்டர் தம்பியும் "எனக்கு அந்த நேரம் ஓகே அம்மா" என்று சொல்லிவிட்டார்.

நானாவுக்கு மட்டும் ஒப்பவில்லை. "மௌத்துட நேரத்த நாங்களா தங்கச்சி குறிக்கிற? அது அல்லாஹ்ட கையில ஈக்கிற வேல," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின எடுக்கிறது பாவமில்ல. எங்கட உம்மாக்கும் நாங்க மௌலவிக்கிட்ட கேட்டுத்தான் எடுத்த. ஆனா நேரம் வச்சு இவர எங்கயாச்சும் கூட்டிட்டுப் போக ஏலுமா? மாத்தளை பஸ்ஸுக்கே ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவரில்லயே," என்றார். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை வந்தது. நாத்தனார் குளித்து, திருநீறும் தீர்த்தமும் எடுத்துக்கொண்டு வந்தார். "எடுக்கலாமா அம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். "எடுங்க," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பாரமான வார்த்தை அதுதான்.

குழாய் வெளியே வந்தது. அவர் இருமினார். நாத்தனார் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு மூச்சு. நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னொரு மூச்சு. பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் தூங்குவதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நல்ல நேரம் நகர்ந்துகொண்டே போனது. நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிந்தது.

"என்னா மதினி, ஒங்க தம்பி வழக்கம்போலத்தான்," என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸ் மிஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் அவரை வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். வாயைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டர் போனதால் பல வாரத்துக்குப் பிறகு முழு முகத்தைப் பார்த்தேன். நானே ஷேவ் செய்துவிட்டேன். நானா வந்து கடைத்தெருச் செய்தியெல்லாம் சொன்னார். யார் கடையில் சேல் போட்டிருக்கிறார்கள், யார் திகனவில் புதுக்கடை திறக்கிறார்கள் என்று. மெஷின் சத்தம் இல்லை. எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த பாட்டி எங்களுக்கு பிஸ்கட் தந்தார். இவர் காதில் விழுந்ததோ இல்லையோ, நாங்கள் இவரோடு பேசினோம். அந்த நேரம் எனக்குப் பொக்கிஷம். இன்றைக்கு நினைத்தாலும் மனம் நிறைகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூச்சில் கரகரப்பு வந்தது. நாத்தனார் பதறிப்போனார். "தானா மூச்சு விடுறானே புள்ள, நாம தப்பா நெனச்சிட்டோமோ? கொழாயத் திரும்பப் போடச் சொல்லு. ஒரு வார்த்த சொல்லு!" டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். முகம் தளர்ந்தது. கரகரப்பு குறைந்தது. "அவருக்கு இப்ப கஷ்டமில்லை அம்மா," என்று நாத்தனார் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை சொன்னதை நான் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. இந்தமுறை நல்ல நேரம் என்ற துணையும் இல்லை.

"வேணாம் மதினி," என்றேன். "அவர் சொன்னபடி விட்டுருவோம்."

நாத்தனார் தம்பியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை பிடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நாத்தனார் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றக் கோயிலுக்குப் போனார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, கடைச் சாவியை எங்கே வைத்தீர்கள், வீடு முழுக்கத் தேடிவிட்டேன் என்று அவரைத் திட்டிக்கொண்டே அவருக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பு பாதியில் இருக்கும்போது மூச்சு நின்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. வலியில்லை, திணறலில்லை. நான் சீவியதை முடித்து வகிட்டைச் சரிசெய்தேன்.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதரை தாண்டியிருந்தது. சனிக்கிழமை, சுத்தமான ராகு காலம். நாத்தனார் கூடாது கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு போயிருந்தார் மனிதர். அவர் செத்த துக்கத்துக்கு நடுவிலும், இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வேன் என்ற யோசனைதான் ஓடியது. என்னால்தான் என்று சொல்வார். அன்றைக்கு ராகு காலத்துத் தாலி, இன்றைக்கு இது.

அவர் பிரசாதத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு தலையைத் திருப்பிக் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ள," என்றார். என் தோளில் கை வைத்தார். "நாம அனுப்பல. அவனாத்தான் போயிருக்கான். நாம அனுப்பியிருந்தா, இந்த நேரத்துலயா அனுப்பியிருப்போம்?"