ஏழு மணிக்கு எடுக்காத போன்

நோரீன் ட்ரெலோர் யாரையும் முழுதாக நம்புவதில்லை. ஹே என்ற ஊரைச் சுற்றிய சமவெளியின் பண்ணைகளுக்கு ஆட்டுக் கம்பளி கத்தரிக்க ஆள் கூட்டிப் போகும் காண்டிராக்டர் அவள். ஒரு காலத்தில் கணவனோடு சேர்ந்துதான் அந்தத் தொழிலைச் செய்தாள். இருவரும் பிரிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் கத்தரிப்புக் கொட்டகைக்குப் போன நோரீனுக்கு மிஞ்சியது ஆடுகளும் சமையல்காரியும்தான்.

புது ஆட்களைச் சேர்த்து நிமிர அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு எல்லோரையும் அவளே கூப்பிடுவாள். நாளைக்கு எந்தக் கொட்டகை, யார் வண்டியில் யார் என்று சொல்வாள். ஆனால் அவள் காது வேறொன்றைத் தேடும். பேசுகிறவன் குரல் நேற்றுப்போல இருக்கிறதா?

இந்த வருஷக் குளிர்காலத்தில் ஊரின் பவுல்ஸ் விளையாட்டுக் கிளப்பில் சின்ன முதலாளிகளுக்காகக் கணக்காளர் ஒருத்தி புதுச் சட்டங்களை விளக்கினாள். வேலை நேரம் முடிந்தபின் முதலாளி கூப்பிட்டால், நியாயமான காரணம் இருந்தால், எடுக்காமலிருக்கத் தொழிலாளிக்கு உரிமை வருகிறதாம். நோரீன் அதைப் பாதிதான் கேட்டாள். மீதி நேரம் அவள் கண் பின்வரிசையில் இருந்தது. அங்கே அவளுடைய ஆட்களில் முதல் கையான கத்தரிப்பாளன் தமாத்தி, போட்டிக் காண்டிராக்டர் க்ளெம் பர்டெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்த சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

சட்டம் வந்த நாளிலிருந்து ஏழு மணிக்குத் தமாத்தி போனை எடுக்கவில்லை.

கொட்டகையில் டீ இடைவேளையில் நேராகவே கேட்டாள். "என்ன தமாத்தி, சாயங்காலம் ஆனா செத்துப் போயிடுறியா?"

"ஓய்வெடுக்கறேன், பாஸ்."

"பதினோரு வருஷமா இல்லாத ஓய்வு."

"பதினோரு வருஷமா இல்லாத சட்டம்," என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை வருஷத்தின் பெரிய கொட்டகையில் வேலை தொடங்குகிறது. தமாத்தி போனால் மற்ற கத்தரிப்பாளர்களும் அவன் பின்னாலேயே போவார்கள். ஆளில்லாமல் போய் நின்றால் அந்தப் பண்ணைக்காரர் இனி அவளைக் கூப்பிட மாட்டார்.

வெள்ளிக்கிழமை விடியலில் தூறல். பட்டியில் நின்ற ஆடுகளின் முதுகு நனைந்திருந்தது. வழக்கப்படி ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டார்கள். ஈர ஆட்டைக் கத்தரித்தால் உடம்பு கெடும் என்பதால், ஈரமா உலர்ந்ததா என்று கத்தரிப்பவர்கள்தான் ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். முதலாளிக்கு ஓட்டில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாம் "ஈரம்."

அன்றைக்கு வேலை இல்லை என்றானது. நோரீன் குனிந்து ஓர் ஆட்டின் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்தாள். அவள் கைக்கு அது அப்படியொன்றும் ஈரமாகத் தெரியவில்லை. பேசி வைத்துக்கொண்டு ஒருநாளைக் காலி பண்ணுகிறார்களோ?

தமாத்தியின் வண்டி ஊர்ப்பக்கம் திரும்பாமல் தெற்கே போனது. அந்தப் பாதையில் இருப்பது க்ளெம்மின் வீடு மட்டும்தான். கொஞ்சம் விட்டு அவளும் பின்னால் போனாள்.

க்ளெம்மின் முற்றத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். நோரீன் இறங்கி வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"பேரம் முடிஞ்சுதா, இல்ல நானும் ஒரு நாற்காலி போட்டுக்கவா?"

க்ளெம் மோவாயைச் சொறிந்தான். "உன் மூக்கு இருக்கே, நோரீன், ஒரு நாய்க்கு இருந்தா நல்ல விலைக்குப் போகும்."

"பதில் சொல்லு."

"சரி, கூப்பிட்டேன். மூணு நாள் சாயங்காலம். பெரிய கொட்டகைக்கு முன்னாடி இவனை இழுத்துடலாம்னு பார்த்தேன். எனக்கும் எடுக்கல, இந்தப் பய."

நோரீன் தமாத்தியைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்குப் போனை அணைச்சு அலமாரில வச்சுடறேன்," என்றான் அவன். "நீ கூப்பிட்டு நான் எடுத்தா உன் மேல கேஸ் போடுவாங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு அந்தம்மா அபராதம்னு என்னவோ சொன்னாங்கல்ல?"

"எடுக்காம இருக்கத்தான்டா உனக்கு உரிமை," க்ளெம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவ கூப்பிடறதுக்குத் தடை இல்ல. உனக்கு இஷ்டம்னா எடுக்கலாம். எத்தனை ரோல் தின்னே அன்னைக்கு?"

"அப்ப ஏன் இங்க வந்தே?" நோரீன் விடவில்லை.

"காலைல போனை ஆன் பண்ணா க்ளெம் பேரா கிடக்குது. என்னன்னு பகல்ல கேட்டு, வரலேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா, க்ளெம் ஏன் உன்னைக் கூப்பிட்டான்னு என்னை ஒரு வாரம் வறுத்திருப்ப."

தன் கணவன் போன் போட்ட அந்தச் சாயங்காலம் அன்றைய ஆட்களில் ஒருவனாவது போனை அலமாரியில் வைத்திருந்தால், என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்து போனது.

"அந்த ஆடு நிஜமாவே ஈரமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வயித்துப் பக்கம் பிடிச்சுப் பார்த்தியா? தோள் சீக்கிரம் காஞ்சுடும், நீ எப்பவும் அதைத்தான் பிடிப்ப."

அன்றோடு ஏழு மணி அழைப்பு நின்றது. இனி நாளைய சேதி எல்லாம் கொட்டகையிலேயே, வேலை முடியும் மணி அடிக்கும் முன், வேலை நேரத்துக்குள் என்றாள். திங்கட்கிழமை அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். இருட்டில் வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வாசலுக்குள் நுழைந்தன. நுழைந்ததை எல்லாம் எண்ணிக்கொண்டே நின்றாள். எண்ணிக்கை சரியாக வந்தபின் இன்னொரு முறையும் எண்ணினாள்.