ஆஞ்சிலிக் கட்டை மேல் ஓடிய கார்

அன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்:

வறீது ஆசான். ஒர்க்‌ஷாப் அவருடையது. மட்டாஞ்சேரியில் அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், காயல் ஓரம்.

சின்ன முதலாளி. சுக்கு மண்டி வைத்திருந்தார். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

குட்டப்பன் சேட்டன். அவர்கள் வீட்டு டிரைவர். அந்த அப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர்.

நான். பெயர் மாரியப்பன். ஊர் செங்கோட்டைப் பக்கம். படிப்பு நாலாம் கிளாஸ். ஆசானிடம் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கார் நடுவில் நின்றது. கறுப்பு நிறம், பழைய சீமைக் கார். எழுபதுகளின் கடைசியில் அந்த மாதிரி வண்டி கொச்சியில் நாலைந்துதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு இஞ்ச் கீழ இறக்கணும் ஆசானே. வெளிநாட்டுப் புஸ்தகத்துல பாத்தேன். தரையை ஒட்டிப் போகுது, பாம்பு மாதிரி" என்றார் சின்ன முதலாளி.

"நம்ம ரோட்டுல பாம்பு மட்டும்தான் அப்படிப் போகும்" என்றார் ஆசான். ஆனாலும் வேலையை எடுத்துக்கொண்டார்.

குட்டப்பன் சேட்டன் பின் சீட்டின் இடப்பக்கக் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய முதலாளி இறந்தது அந்த இடத்தில்தான். பாலம் தாண்டி, தீவில் இருக்கும் துறைமுக ஆபீஸுக்குப் போகிற வழியில். பாலம் முழுக்க சேட்டன் அவரிடம் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஆபீஸ் வாசலில் இறங்கிக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

வேலை

முன்னால் காயில் ஸ்பிரிங். ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று அறுத்தோம். அதில் பிரச்சினை இல்லை.

பின்னால் பட்டை ஸ்பிரிங். அந்த வண்டியில் பட்டை கீழே, ஆக்ஸில் மேலே. இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்து யூ-போல்ட்டால் இறுக்கினால் ஆக்ஸில் மேலே ஏறும், பாடி கீழே இறங்கும். கட்டை இரும்பில் வேண்டும். எர்ணாகுளத்தில் எங்களுக்கு வேலை செய்யும் லேத்காரர் ஊருக்குப் போயிருந்தார். சின்ன முதலாளிக்கோ அந்த வாரமே வண்டி வேண்டும்.

யோசனை என்னுடையது. பக்கத்தில் வள்ளம் பழுது பார்க்கும் இடம். உடைந்த வள்ளத்தின் விலாக்கட்டை கிடந்தது. ஆஞ்சிலி மரம். உப்புத் தண்ணீரில் அத்தனை வருஷம் கிடந்தும் உளி இறங்கவில்லை.

"வள்ளத்தைத் தாங்குனது காரைத் தாங்காதா ஆசானே" என்றேன். ஆசான் நகத்தால் கீறிப் பார்த்தார். சரி என்றார்.

இரண்டு கட்டை அறுத்து, துளை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து ஏற்றினேன். சின்ன முதலாளியிடம் கட்டை வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். இரும்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

ஓட்டிப் பார்த்தோம். தாழ்ந்த வண்டி நல்ல ரோட்டில் நன்றாகப் போகும். வளைவில் சாயாது. ஸ்டியரிங் கையில் ஒட்டிக்கொள்ளும். குழி வந்தால் முதுகில் உதைக்கும், ஏனென்றால் ஸ்பிரிங் ஆடுவதற்கு இடம் குறைந்துவிட்டது. இது எல்லாம் தெரிந்ததுதான். சின்ன முதலாளிக்குச் சந்தோஷம்.

பின்னால் ஆள்

ஆறு வாரம் கழித்து குட்டப்பன் சேட்டன் நடந்து வந்தார். கார் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"மாரி, வண்டியில பின்னால ஆளுண்டு" என்றார்.

யார் என்றேன்.

"வலிய முதலாளி."

பெரியவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். விஷயத்தை வரிசையாகச் சொன்னார். பாலம் ஏறும்போது பின்னால் இடப்பக்கம் முனகல் கேட்கிறது. பெரியவர் ஏதாவது சொல்வதற்கு முன்னால் அப்படித்தான் முனகுவார். பாலம் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் வண்டி தானாக வலப்பக்கம் திரும்புகிறது. துறைமுக ஆபீஸ் இருப்பது வலப்பக்கம். நின்ற வண்டியை எடுத்தால் இடப்பக்கம் டொக் என்று ஒரு தட்டு. பெரியவர் மோதிரத்தால் கதவில் தட்டினால்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

சின்ன முதலாளி நம்பவில்லை. பகலிலேயே குடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் வருஷ திதி முடிந்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் ஒரு துள்ளி குடிக்க மாட்டேன். உனக்கு அறியாமா. நீ அந்த வண்டிக்கு அடியில கை வச்சவன். ஒரு தடவை வந்து இரு. பிறகு சொல்லு, எனக்குப் பிராந்து பிடிச்சிருக்கா இல்லையான்னு."

மறுநாள் மத்தியானம் போனேன். நல்ல வெயில். சேட்டன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலம் ஏறினோம். முனகல் வந்தது. மனுஷன் முனகுவது போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. பாலம் இறங்கும்போது வண்டியின் வால் இடப்பக்கம் நகர்ந்தது, உட்கார்ந்திருக்கும் ஆள் தள்ளி உட்காருவது போல. மூக்கு வலப்பக்கம் போனது. எதிரே லாரி. சேட்டன் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தார். அவருக்குப் பழகிப்போயிருந்தது.

துறைமுக ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். இறங்கினார். பின் இடக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வயசாளி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு மெதுவாக மூடினார். வாசலில் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"எதுக்கு சேட்டா?"

"திறக்காட்டி திரும்பி வரும்போது ரொம்ப முனகுறார்."

எனக்குப் புரிந்துவிட்டது. மரம். தண்ணீரில் கிடந்த மரம் வெயிலிலும் ரோட்டுச் சூட்டிலும் காய்ந்தால் சுருங்கும். காயல் ஓரத்தில் வேலை செய்கிறவனுக்கு மரம் காயும் என்பது நினைவுக்கு வராது. கட்டை சுருங்கினால் யூ-போல்ட் தளரும். பாரம் ஏறும்போது மரம் இரும்பில் உரசி முனகும். பிரேக் போட்டால் இடப்பக்கச் சக்கரம் பின்னால் இழுபடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். எடுக்கும்போது ஆக்ஸில் முன்னால் வந்து டொக் என்று இடிக்கும்.

எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒன்று தவிர. கட்டை இடிப்பதானால் கிளச்சை விட்டு வண்டி அசையும்போது இடிக்க வேண்டும். அன்று ஆபீஸ் வாசலில் தட்டு முதலில் கேட்டது. சேட்டன் அதன் பிறகுதான் கியரைப் போட்டார்.

வாய்

ஆசானிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்தார்.

"மரம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் வண்டி விடமாட்டான். லேத்காரன் ஊர்லருந்து இன்னும் வரல, வரட்டும். சர்வீஸ்னு சொல்லி வண்டியைக் கூப்பிட்டு, சத்தமில்லாம மாத்திடலாம். அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்காதே."

நான் திறக்கவில்லை. ஆசான் எனக்குச் சோறு போட்டவர். அதுவும் ஒரு காரணம். அந்த வண்டிக்கு அடியில் தனியாகப் படுக்கத் தைரியம் வரவில்லை. அதுவும் ஒரு காரணம்.

தினமும் காலையில் கார் எங்கள் சந்து வழியாகப் போகும். இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சேட்டன் என்னைப் பார்ப்பார். நான் ஸ்பானரைப் பார்ப்பேன். லேத்காரர் வரவில்லை.

திதிக்கு முந்தின நாள் சேட்டன் வந்து சொல்லிக்கொண்டு போனார். நாளைக்குத் திதி கொடுக்க ஆலுவா ஆற்றங்கரைக்குப் போவதுதான் கடைசி ஓட்டம் என்றார். சின்ன முதலாளி, அவர் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"இடப்பக்கம் யார் உட்காருவா?"

"அம்மா" என்றார். "அவர் பக்கத்துல அம்மாதானே இருக்கணும்."

அவர் போன பிறகு ஜாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டிக்கு நடந்தேன். ஆசான் பின்னாலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார்.

"முதலாளி, அது இரும்பு இல்லை. மரம். வச்சது நான். டிரைவர் சொன்னது அத்தனையும் நெஜம்" என்றேன்.

மண்டி வாசலிலேயே காரைத் தூக்கினேன். இடப்பக்க யூ-போல்ட்டைக் கையாலேயே திருக முடிந்தது. சென்டர் போல்ட் ஒடிந்திருந்தது. கட்டை நாருநாராகப் பிளந்து, ஆக்ஸில் ஒரு இஞ்ச் பின்னால் போயிருந்தது. இன்னும் ஒரு பெரிய குழி போதும். சின்ன முதலாளி குனிந்து பார்த்தார். பிளந்த கட்டையின் நாரை விரலால் பிய்த்துப் பார்த்தார். எழுந்ததும் சேட்டனைப் பார்த்து, "நாளைக்கு டாக்ஸியில போறோம். நீயும் எங்க கூட வர்றே. டிரைவரா இல்லை" என்றார். திதி முடிந்தும் சேட்டன் அந்த வீட்டில்தான் இருந்தார்.

ஆசான் அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எர்ணாகுளம் பிராட்வே பக்கம் வேறு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். காரைத் தாழ்த்தச் சொல்லி அங்கேயும் ஆள் வந்தார்கள். செய்துகொடுத்தேன், இரும்பில். ஒவ்வொரு வண்டியையும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப வரச் சொல்லி யூ-போல்ட்டை இறுக்கினேன். இளைய ஆட்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். உன் வேலையில் தப்பு என்று தெரிந்தால், தெரிந்த நிமிஷமே சொல்லிவிடு. டிரைவர் பேய் என்று சொன்னாலும் முதலில் போல்ட்டைப் பார்.

மண்டி வாசலில் நான் ஜாக்கியை இறக்கும்போது குட்டப்பன் சேட்டன் பக்கத்தில் வந்து குந்தினார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். மரம்தான் என்று தெரிந்து எத்தனை நாளாயிற்று என்று.

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

ஒன்பது.