நடுப்பலகை

பெரியவனான பிறகு என் தம்பியை நான் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். அது கடலில், அவன் காலிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தபோது.

திரேஸ்புரத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பைபர் வள்ளம். நண்டு வலைத் தொழில். எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். வள்ளத்தின் நடுவே குறுக்காகப் போட்டிருக்கும் பலகையில் அவன் உட்காருவான். வலை இழுப்பது, நண்டைக் கழற்றுவது எல்லாம் அங்கிருந்துதான்.

அந்தப் பலகைக்கு மேலே பைபர் பூச்சு, உள்ளே பிளைவுட். எந்த ஓட்டை வழியாகவோ உப்புத்தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊறவைத்திருந்தது. பார்வைக்கு வெள்ளையாக நன்றாகத்தான் இருக்கும். நடுவில் மட்டும் தூளி மாதிரி தொய்ந்து கிடக்கும்.

"அண்ணே, பலகை அமுங்குது. உக்காந்தா கீழ இறங்குது," என்றான் ஒரு நாள்.

"பாப்போம்ல," என்றேன்.

மறுபடியும் சொன்னான். பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன். அதே வாரம் என்னுடைய இருக்கைக்குப் புது ஸ்பாஞ்ச் வாங்கி, ரெக்சின் சுற்றி ஒட்டினேன். எனக்கு முதுகு வலி. அவன் அதைப் பார்த்தான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் கடலுக்குப் போவது சுலபம். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். கரைக்குத் திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று முகத்தில் அறையும். அப்படித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். கரையோர அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. அலைகள் குட்டையாக, நெருக்கமாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்தன. வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நண்டு சாகும் முன் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் எஞ்சின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு அலை முன்பக்கத்தைத் தூக்கியது. அதற்கு அடியில் அடுத்த அலை இல்லை. வள்ளம் அந்தரத்திலிருந்து விழுந்தது. தண்ணீரில் விழுந்த மாதிரி இல்லை, சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி இருந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. அடுத்த நொடி பலகை இரண்டாகப் பிளக்கிற சத்தம் கேட்டது.

தம்பி அதன் நடுவே உட்கார்ந்த வாக்கில் கீழே போனான். கூடை அப்பளம் போல நொறுங்கியது. உடைந்த பைபரின் விளிம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். அது அவன் இடது முழங்காலுக்குப் பின்னால் இறங்கிக் கிழித்துக்கொண்டே போயிருந்தது. அவன் கத்தவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்து, பலகையிலிருந்து உருவினான். வள்ளத்துக்குள் கிடந்த தண்ணீர் சிவந்தது.

"ஏலே, அசையாத. அப்படியே இரு," என்று எழுந்தேன்.

அவன் துடுப்பை எடுத்தான். உட்கார்ந்தபடியே வீசினான். என் தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சு கண்ணுக்கு மேலே. எஞ்சின் பிடியை விட்டுவிட்டேன். வள்ளம் தன் போக்கில் திரும்பி அலைக்குப் பக்கவாட்டைக் காட்டியது. ஒரு அலை அப்படியே உள்ளே ஏறி, நண்டுப் பெட்டியை எங்கள் மேல் கவிழ்த்தது.

"எத்தனை தடவ சொன்னேன். எத்தனை தடவ சொன்னேன்ல," என்று அதையே சொல்லிக்கொண்டு மறுபடியும் துடுப்பை ஓங்கினான்.

அப்போதுதான் அடித்தேன். முஷ்டியை மடக்கி, அவன் வாயில். வள்ளம் கவிழப் போகிறது, அவனை நிறுத்த வேறு வழி இல்லை என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவன் சொன்னது சரி என்பதால்தான் அடித்தேன். அந்த நேரத்தில் அவன் வாயை மூடவைக்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருந்தது.

அவன் பின்னால் சாய்ந்தான். துடுப்பு கை நழுவியது. நான் வள்ளத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, என் கைலியைக் கிழித்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினேன். கட்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கரை வந்துசேரும் வரை நண்டுகள் எங்கள் கால்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தன.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவன் உதட்டையும் என் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் முகத்துல எப்படி அடி?" என்று கேட்டார்.

"பெட்டி விழுந்துச்சு," என்றான் தம்பி.

"ஆமா, பெட்டி," என்றேன் நான்.

காலில் முக்கியமான நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள். பழைய மாதிரி நடக்க முடியாது என்று சொன்னார்கள். தம்பி மனைவி வராந்தாவில் நின்று அதைக் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க, என் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினாள். நான் சுவரோடு போய் மோதினேன்.

"அத்தான், அது நீங்க உக்காருத எடமா இருந்தா அன்னைக்கே சரி பண்ணிருப்பீயளா மாட்டீயளா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

அவளுக்கும் பதில் தெரியும்.

மறுநாள் வள்ளத்தை மணலில் ஏற்றி, பலகையை அறுக்க ஆரம்பித்தேன். கிரைண்டர் தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளைத் தூசி பறந்து தோலில் ஏறி அரித்தது. உள்ளே இருந்த பிளைவுட் நனைந்த பேப்பர் மாதிரி கையோடு வந்தது. கறுப்பாக, நாற்றம் பிடித்து. அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். ஒரு கட்டத்தில் கிரைண்டரை வைத்துவிட்டு வெறும் காலால் மிதித்து உடைத்தேன். பாதம் கிழிந்தது. நிறுத்தவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

புது பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டினேன். ரெசினில் ஹார்டனர் கலந்து, கண்ணாடி இழைப் பாயைப் போட்டுப் பூசினேன். மூன்று நாள் ஆனது. மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் தம்பி கடற்கரைக்கு வந்தான். கக்கத்தில் ஊன்றுகோல். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பலகையைக் கையால் தடவினான். தட்டிப் பார்த்தான்.

"கெட்டியா போட்டிருக்கேன்ல," என்றேன்.

"சம்மட்டி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். அவன் ஊன்றுகோலை மணலில் போட்டுவிட்டு, வள்ளத்தின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, பலகையின் நடுவில் அடித்தான். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது அடியில் பூச்சு வெடித்தது. மூச்சு வாங்க வாங்க அடித்தான். ஒரு முறை கால் மடங்கிக் கீழே விழுந்தான். நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, தானாகப் பிடித்து எழுந்தான். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "விடுங்க, அவன் அடிக்கட்டும்," என்றேன். ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே விழுகிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பலகை முழுதாக உடைந்த பிறகுதான் சம்மட்டியைக் கீழே போட்டான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தான்.

"இப்ப போடு. நான் பாக்கேன்."

மறுபடியும் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணி ஓட்டை ஒவ்வொன்றையும் ரெசின் ஊற்றி அடைக்கச் சொன்னான். அடியில் மூன்று முட்டுகள் வைத்து, வள்ளத்தின் தரையோடு சேர்த்து ஒட்டச் சொன்னான். என் இருக்கையின் ஸ்பாஞ்சைப் பற்றி அவன் பேசவில்லை. நானே அதைப் பிய்த்து வீசினேன்.

இப்போது மறுபடியும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போகிறோம். பேசுகிறோம், சிரிக்கவும் செய்கிறோம். ஆனால் அவன் அந்தப் பலகையில் உட்காருவதில்லை. கெந்திக் கெந்தி, நின்றுகொண்டேதான் வலை இழுக்கிறான். கச்சான் காற்றில் எதிர் அலை வரும்போது அவன் இடது கால் நடுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரியும். எஞ்சின் வேகத்தைக் குறைப்பேன்.

"எதுக்குக் கொறைக்க? ஓட்டு," என்பான், திரும்பிப் பார்க்காமல்.