தறி நின்ற புதன்கிழமை

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க விசைத்தறி. அது ஓடும்போது காதோரம் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் பள்ளிபாளையத்தில் தறி போட்டிருக்கிற மற்ற வீடுகளைப் போல நாங்களும் கையால்தான் பேசுவோம். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. உள்ளங்கையை விரித்துத் திருப்பினால் நூல் தீர்ந்தது. திட்டுவதற்குக்கூடக் கை உண்டு.

மகள் அந்தச் சத்தத்திலேயே தூளியில் தூங்கி வளர்ந்தாள். தேதி குறித்துவைப்பது என் பழக்கம். தைப்பூசத்தன்று நடந்தாள். ஆடிப்பெருக்கன்று, பால் வேண்டும் என்று முதன்முதலாகக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. இரண்டு வயது நெருங்கியும் பேச்சு வரவில்லையே என்று யாராவது கேட்டால், "தறிக்காரங்க ஊட்டுப் புள்ளைங்க, கை பேசுன பொறவுதான் வாய் பேசும்" என்பாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்றைக்கு நாங்கள் சங்ககிரியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே யார் அழைத்தாலும் மகள் திரும்பமாட்டாள். புது இடம், கூச்சம் என்று விட்டுவிடுவோம். ஐப்பசி மாதத்து மின்தடை ஒரு புதன்கிழமை வந்தது. அந்த முறை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் தீர்ந்த காலிக் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அத்தை வந்திருக்கறன், பாரு சாமி" என்றாள் அக்கா.

மகள் திரும்பவில்லை.

"ஏம்புள்ள, உன்ற மவளுக்கு இத்தன ராங்கியா?" என்றாள் அக்கா என் மனைவியிடம்.

"உங்க தம்பி மவதானுங்க, வேற எப்புடி இருப்பா? முன்னால போயிக் கையக் காட்டுங்க, ஓடியாருவா."

அக்கா சிரிக்கவில்லை. "எதுக்கு முன்னால போகோணும்?"

மனைவி மகளின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மறுபடியும், உரக்க. அக்கா சமையலறைக்குப் போய்த் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்து, குழந்தையின் தலைக்குப் பின்னால் பிடித்து ஓங்கித் தட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் அடுத்த கோனை எடுத்து வைத்தாள்.



திங்கட்கிழமை சேலத்தில் டாக்டர் சோதித்துப் பார்த்தார். பிறவியிலேயே காது கேட்காது என்றார். "வீட்ல ஒருத்தருமா கவனிக்கல?" என்று கேட்டார். கை காட்டினால் வருகிற குழந்தையிடம் எதைக் கவனிப்பது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, அப்ப அவ பேரு அவளுக்குத் தெரியாதுங்களா?"

பெயர் சூட்டிய நாளின் கிழமையும் நட்சத்திரமும் எனக்குத் தெரியும். அந்தப் பெயர் ஒரு முறைகூட அவளிடம் போய்ச் சேரவில்லை. மடியில் இருந்த மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று, அவளை மட்டும் குறிக்கிற மாதிரி, என்ன கை காட்டுவது என்று யோசித்தேன். சங்ககிரி தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லை.