மடியில் எஞ்சின் வைத்த பெண்

1931 மார்ச் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது, தூறல். கிள்ளானில் ஒரு சீனருடைய மண்பாண்டச் சூளையின் வாயைச் செங்கல்லால் அடைத்து முடித்த நேரம் அது. செங்கல் அறுபத்துநாலு. உள்ளே ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் மங்குகள் 2,316. அவற்றின் நடுவே என் பொம்மை ஒன்று.

பொம்மை என்று நான் சொல்கிறேன். நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் அக்கம்பக்கத்தார் கிறுக்கு என்றார்கள். இருபத்தொன்பது வருடம் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிய கிராணி, ஓய்வு பெற்றதும் செங்கல் பள்ளத்தில் களிமண் தோண்டி உருவம் பிடித்தால் வேறென்ன சொல்வார்கள்? யாரிடமும் நான் கற்கவில்லை. பொம்மையில் என் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு ரயில் எஞ்சினைக் குழந்தைபோல் வைத்திருக்கிறாள். உயரம் பத்தொன்பது அங்குலம். நாலு மாத வேலை. எஞ்சினுக்குச் சக்கரம் எட்டு, புகைபோக்கி ஒன்று. புகைபோக்கி மொட்டையாக இருந்தது பிடிக்காமல் கொண்டை ஊசியை விட்டு ஆழமாகத் துளைத்தேன்.

சூளை முதலாளியான சீனத் தவுக்கே உள்ளே இடம் தரச் சம்மதித்தபோது ஒன்றுதான் சொன்னார்: உள்ளே பொள்ளலாக இருக்கட்டும், அடியில் ஓர் ஓட்டை வேண்டும். அப்படியே செய்தேன். என் மனைவி அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"இது நான்தானே? என் உருவத்துல ஓட்டையா? பின்னமானத வீட்டுல வைப்பாங்களா? நான் இன்னும் இருக்கேன்னு ஞாபகம் இருக்குல்ல?"

பின்னமான சிலை வீட்டுக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும். அன்றே களிமண்ணால் ஓட்டையை அடைத்தேன். அது காய ஒன்பது நாள் ஆயிற்று.

சூளை வாயை அடைத்து நெருப்பு மூட்டியதும், விறகு போடும் தமிழர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கிராணி ஐயா, அடியில ஓட்டை இருக்குல்ல?"

"இருந்துச்சு. அடைச்சிட்டேன்."

"அடைச்சிட்டீங்களா! ஏன்?"

"வீட்டுல சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிற காத்துக்கு வழியில்லன்னா வெடிச்சிரும் ஐயா. சில்லு பறந்து மங்குல எல்லாம் ஒட்டிக்கும். தவுக்கேக்கு இந்த மங்கு ஓடர் ஒண்ணுதான் கையில இருக்கு. எங்க சம்பளமும் அதுலதான்."

"திறந்து எடுத்துடலாமா?"

"நெருப்பு வச்சாச்சு லா."

தவுக்கேயிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதன்கிழமை வரச் சொன்னார்.

ஆறு மணி ரயில்வரை சூளையருகில் நின்றேன். விறகு பதினேழு தடவை வெடித்தது. ஒவ்வொரு தடவையும் என் மனைவிதான் வெடித்தாள் என்று நினைத்தேன். ரயிலில் பிள்ளையாருக்கு ஐந்து தேங்காய் வேண்டிக்கொண்டேன். நாலு நாளும் சோறு இறங்கவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவுமில்லை.

புதன்கிழமை சூளையைத் திறந்தார்கள். மங்குகளை வெளியே அடுக்க அடுக்க எண்ணினேன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது மங்குக்குப் பிறகு அவளே வந்தாள், முழுதாக. நான் பூசியிருந்த பச்சைப் பூச்சு கண்ணாடிபோல் உருகி ஓடி, மூக்கு நுனியில் ஒரு சொட்டாக உறைந்திருந்தது. விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தேன்.

விறகுக்காரர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் ஈர்க்குச்சியைப் புகைபோக்கியில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கொண்டை ஊசி எஞ்சினைத் தாண்டி உடம்பின் பொள்ளல்வரை இறங்கியிருக்கிறது.

"ஐயா, உள்ள இருந்த காத்தெல்லாம் எஞ்சின் புகையா போயிருச்சு!" என்று கத்தினார். தவுக்கேயும் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். மங்குகள் 2,316ம் நல்லபடி வந்தன.

வீட்டில் மனைவி முதலில் அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"அது எஞ்சினோட ஓட்டை. என்னுது இல்ல," என்றாள். "ஆனா எனக்கு ஏன் மூக்கு ஒழுகுது?"

அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று முறை கிள்ளானுக்குப் போய்வந்த ரயில் கட்டணம், சூளைக் கூலி, தேங்காய் ஐந்து, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலு வெள்ளி முப்பத்தைந்து காசு.